காணி உறுதியும் வீட்டின் உறுதியும்

அம்பாறைக் கரையோரத்து ஊர்களில் வீடொன்று கைமாறும்போது காரியங்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கிலேயே நடைபெறுகின்றன. தரகர் ஒருவர் செய்தி கொண்டு வருவார். குடும்பப் பெரியவர்கள் இருவர் மூவர் ஒரு மாலைப் பொழுதில் சென்று வளவையும் கிணற்றையும் வீதியையும் பார்த்துத் திரும்புவர். விலை பேசப்பட்டு முற்பணம் கொடுக்கப்படும். பின்னர் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடி, உரிமை எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்பதை ஆராய்வார். அனுமதி பெற்ற நில அளவையாளர் எல்லைக் கற்களைச் சரிபார்த்து வரைபடம் தருவார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் வேண்டுகின்றவாறு நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பம் இடப்படும். காணியின் ஒவ்வோர் அங்குலமும் அளக்கப்பட்டுவிட்டது. தாளின் ஒவ்வொரு வரியும் வாசிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காணியின் மேல் நிற்கும் வீட்டை எவரேனும் பரிசோதித்தார்களா என்று கேட்டால் பதில் இருக்காது.

இதில் ஒரு சொல் மயக்கமும் உண்டு. 'சேர்வே செய்தாயிற்றா?' என்று எமது மக்கள் கேட்பது நில அளவையையே. பிரித்தானியாவில் வீடு வாங்குவோர் 'சேர்வே' எனக் கூறும்போது அது பெரும்பாலும் கட்டடப் பரிசோதனையையே குறிக்கும். நாம் 'உறுதி' என்ற ஒரே சொல்லால் ஆவணத்தையும் வலிமையையும் குறிக்கிறோம். ஆவணம் பலமாக இருப்பதைக் கண்டு சுவரும் பலமாக இருக்கும் என்று நம்பிவிடுகிறோமோ என எண்ணத் தோன்றுகின்றது.

எனது உறவினர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் பதினான்கு வருடங்கள் சாரதியாகப் பணியாற்றியவர். மூத்த மகளின் திருமணத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த வேளையில், ஒரு மாத விடுமுறையில் வந்து, கடலிலிருந்து சற்று உட்புறமாக இருந்த மாடி வீடொன்றை வாங்கினார். அது ஜூலை மாதம். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தது; விறாந்தையில் புதிய டைல்ஸ் பளபளத்தது. உறுதியில் ஒரு குறையும் இருக்கவில்லை. நவம்பர் மழையின்போது ஒருநாள் சுபஹுத் தொழுகை நேரத்தில் குசினியின் கொங்கிறீட் தளத்திலிருந்து, இரு கைகளாலும் தூக்க வேண்டிய அளவிலான துண்டொன்று அடுப்பின் மீது விழுந்தது. அவ்வேளை அங்கு எவரும் நிற்காதது அல்லாஹ்வின் அருள். அதன் பிறகே பொறியியலாளர் ஒருவர் அழைக்கப்பட்டார். தளத்தினுள் இருந்த கம்பிகள் துருவேறி இதழ் இதழாகப் பிரிந்திருந்தன. கீழ்த்தளம் சுனாமியில் மூழ்கியதென்பதும், மேல்மாடி அதன் பின்னர் கட்டப்பட்டதென்பதும் அப்போதுதான் தெரியவந்தன. திருத்தச் செலவு வீட்டின் விலையில் நாலில் ஒரு பங்கை நெருங்கியது.

இதில் நொத்தாரிசு தவறு செய்யவில்லை. நில அளவையாளரும் தவறு செய்யவில்லை. வங்கிக் கடன் ஒன்று இருந்ததால் மதிப்பீட்டாளர் ஒருவரும் வந்து போயிருந்தார். அவரும் தமது கடமையையே செய்தார். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் திருப்பிச் செலுத்தப்படாவிடின் இந்த ஆதனத்தை விற்று வங்கி தனது பணத்தை மீட்க முடியுமா என்பதையே. காணிக்கு விலை ஏறியுள்ள கல்முனை, சாய்ந்தமருது போன்ற இடங்களில் வீடு இடிந்து கிடந்தாலும் காணியின் விலை கடனை ஈடுசெய்துவிடக்கூடும். ஆகவே 'பேங்க் வந்து பார்த்துப் போனது' என்பது வீட்டுக்குக் கிடைத்த நற்சான்று ஆகாது.

பிரித்தானியாவில் குடியேறியுள்ள எம்மவர்களுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். அங்கு பட்டய அளவையாளர்களின் அரச நிறுவகம் வீட்டுப் பரிசோதனையை மூன்று படித்தரங்களாக வகுத்துள்ளது. 2021 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள அதன் நியமத்தின்படி, முதலாவது மேலோட்டமான பார்வை. இரண்டாவது வழமையான, நல்ல நிலையிலுள்ள வீடுகளுக்கானது. மூன்றாவது, மிக விரிவானது. பழைய வீடுகள், பெரிய மாற்றங்களுக்கு உள்ளான வீடுகள், வழக்கத்துக்கு மாறான முறையில் கட்டப்பட்ட வீடுகள் ஆகியவற்றுக்கு இந்த மூன்றாவதே பொருத்தமானது எனப் பரிந்துரைக்கப்படுகின்றது. அங்கும் இது சட்டக் கட்டாயம் அன்று. வாங்குபவர் தமது பணத்தைக் காத்துக்கொள்ளும் வழி, அவ்வளவே.

அந்த அளவுகோலை எமது ஊர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள வீடுகளில் எத்தனை 'வழமையான' வீடுகளாகத் தேறும்? இங்கு வீடு ஒரே தடவையில் கட்டப்படுவதில்லை. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள சமூகம் இது. வாப்பா கட்டிய இரண்டறை வீடு மூத்தவளுக்குப் போகிறது. இளையவளுக்கு வளவில் இடம் இல்லை. ஆகவே மேலே ஒரு மாடி எழுப்பப்படுகின்றது. பின்னர் வெளிநாட்டிலிருந்து வந்த காசில் பின்புறம் ஒரு குசினி, அதன் மேல் தண்ணீர்த் தாங்கி, முன்புறம் ஒரு கடையறை என்று வீடு வளர்கின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு மேசன், வேறொரு சீமெந்துக் கலவை. ஒரு தட்டுக்கென வெட்டப்பட்ட அத்திவாரம் இரண்டு தட்டுகளைச் சுமக்கின்றது. அந்த அத்திவாரத்தின் அகலம் என்ன, ஆழம் என்ன என்பதை அறிந்தவர் பெரும்பாலும் மௌத்தாகியிருப்பார். வரைபடம் எதுவும் வரையப்பட்டிருக்காது.

பழைய சுவரும் புதிய சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக மேலிருந்து கீழ் ஓடும் வெடிப்பு அவ்வளவு அஞ்சத்தக்கதன்று. இரண்டும் தனித்தனியே அசைகின்றன என்பதையே அது பெரும்பாலும் காட்டும். யன்னலின் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, படிக்கட்டுப் போலக் கற்களின் இடைவெளிகளைத் தொடர்ந்து செல்லும் வெடிப்பே அத்திவாரம் ஒருபுறம் தாழ்வதைச் சொல்லக்கூடியது. அதன் அகலம் மேலே கூடுதலா கீழே கூடுதலா, அது நின்றுவிட்ட பழைய வெடிப்பா, இன்றும் வளர்ந்துகொண்டிருப்பதா என்பவற்றைப் பயிற்சி பெற்ற கண்தான் பிரித்தறியும். வெடிப்பின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டிவைத்து, சில வாரங்களில் அது உடைகின்றதா எனப் பார்ப்பது பழைய முறை. ஒரு மாத விடுமுறையில் வந்து ஒரே மாலையில் வீடு பார்ப்பவருக்கு இதற்கெல்லாம் அவகாசம் ஏது?

இவற்றோடு சுனாமியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாத்திரம் மாண்டனர். முற்றாக அழிந்த வீடுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. தப்பி நின்ற வீடுகளைப் பற்றி எழுதியவர் குறைவு. அரசாங்கத்தின் நட்டஈட்டுத் திட்டத்தில் முழுமையாகச் சேதமுற்ற வீட்டுக்கு 2,50,000 ரூபாவும் பகுதியளவில் சேதமுற்றதற்கு 1,00,000 ரூபாவும் தவணைகளாக வழங்கப்பட்டன. முழு மாவட்டமும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கிய அக்காலத்தில் மேசன்மாரும் ஓடாவிமாரும் கிடைப்பதே அரிதாக இருந்தது. மணலுக்கும் கல்லுக்கும் விலை ஏறியது. அந்தச் சூழலில் ஓர் இலட்சம் ரூபாவைக் கொண்டு திருத்தப்பட்ட வீடொன்று எவ்வாறு திருத்தப்பட்டிருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம். வெடிப்பின் மேல் சாந்து பூசப்பட்டது. அதன் மேல் வர்ணம் பூசப்பட்டது. அந்த வீடுகள்தாம் இருபது ஆண்டுகள் கடந்து இன்று சந்தைக்கு வருகின்றன.

அலை வந்தபோது சுவரை மோதியது மட்டுமன்றி, திரும்பிச் செல்கையில் அத்திவாரத்தின் கீழிருந்த மணலையும் அரித்துச் சென்றது. மணற்றரையில் அமைந்த எமது ஊர்களில் இது சாதாரண விடயமன்று. பள்ளம் பின்னர் நிரப்பப்பட்டிருக்கும். ஆனால் நிரப்பிய மண் இறுக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. அத்துடன் கல்லுக்குள் புகுந்த உப்பு வெளியேறுவதில்லை. ஈரம் வந்து காயும்போதெல்லாம் அது மேற்பரப்புக்கு வந்து வெள்ளைப் பூவாகப் பூக்கும். பூச்சை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கும்.

உப்பின் பெருந்தீங்கு கம்பியிலேயே. நல்ல கொங்கிறீட்டினுள் இருக்கும் இரும்பு எளிதில் துருப்பிடிக்காது. சீமெந்தின் காரத்தன்மை அதன் மேல் மெல்லிய காப்புப் படலமொன்றை உருவாக்கி வைக்கின்றது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அது கடற்காற்றில் வரலாம், கழுவாத கடல் மணலில் வரலாம், உவர்க் கிணற்று நீரில் குழைத்த கலவையிலும் வரலாம். துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீட்டை உள்ளிருந்து பிளக்கின்றது. கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடிப்பு விழுவதும், மண்ணிறக் கறை கசிவதும், தட்டினால் பொள்ளென்று ஒலிப்பதும் இதன் அடையாளங்கள். மேற்பரப்பில் சீமெந்து பூசி மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். உறவினரின் குசினியில் நடந்தது இதுதான்.

இதனைக் கண்டறியக் கருவிகள் உண்டு. பூச்சுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைக் காந்த முறையில் அளக்கலாம். மேற்பரப்பின் கடினத்தை மீள்துள்ளல் சுத்தியலால் பார்க்கலாம். சிறிது உடைத்த இடத்தில் பினோப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை எஞ்சியுள்ள கொங்கிறீட் இளஞ்சிவப்பாக மாறும். அதை இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். குளோரைட்டின் அளவை அறியத் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லா வீட்டுக்கும் இவையனைத்தும் வேண்டியதில்லை. முதலில் பொறியியலாளர் கண்ணால் பார்த்து, சந்தேகம் தோன்றும் இடத்துக்கு மட்டும் சோதனையைப் பரிந்துரைப்பார்.

பழைய வீடென்றாலே ஆபத்து என்று கொள்வதும் தவறு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டி ஓடு வேய்ந்த பழைய வீடுகள் சில இன்றைய கொங்கிறீட் வீடுகளைவிட நிதானமாக நிற்கின்றன. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். அதன் மேல் இறுக்கமான சீமெந்துப் பூச்சைப் பூசி, பளிச்சென்ற வர்ணமும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் அழுகத் தொடங்கும். பழையதைப் புதிதாக்குகிறோம் என்று எண்ணிச் செய்யும் கேடு இது. இத்தகைய வீட்டில் சுவரைவிடக் கூரையையே கூர்ந்து பார்க்க வேண்டும். முகட்டு வளை தொய்ந்துள்ளதா, சுவருக்குள் புதைந்துள்ள மர நுனிகள் உளுத்துள்ளனவா, கறையான் மண் ஏறிய தடம் உண்டா என்பன ஏணி வைத்து ஏறிப் பார்த்தாலன்றித் தெரியா. 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் கல்முனைப் பகுதியையும் சூறையாடிய புயலை அனுபவித்த முதியோருக்குக் கூரை எவ்வாறு சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளது என்பது ஏன் முக்கியம் எனச் சொல்லித்தர வேண்டியதில்லை. அஸ்பெஸ்டஸ் தகடு போட்ட கூரையாயின் அதன் வயதையும் உடைவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதை வெட்டுவதும் உடைப்பதும் நுரையீரலுக்குத் தீங்கான நார்த்தூசைக் கிளப்பும் என்பதால் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

வயதை வைத்து மட்டும் வீட்டை மதிப்பிடலாகாது என்பதற்கு அக்கரைப்பற்றை அண்டிய நுரைச்சோலை வீட்டுத்திட்டம் எம் கண்முன்னே உள்ள சான்று. சுனாமியால் வீடிழந்தோருக்கென சவூதி அரேபியாவின் உதவியில் எழுப்பப்பட்ட 500 வீடுகள், பகிர்ந்தளிப்பது தொடர்பான வழக்கின் காரணமாக ஒரு தசாப்தத்துக்கும் மேலாக ஆளின்றிக் காடு மண்டிக் கிடந்தன. ஒரு நாளும் குடியிருக்கப்படாத வீடுகளே பழுதடைந்தன. வெளிநாட்டில் இருப்போர் கட்டிப் பூட்டி வைத்துள்ள வீடுகளை வாங்குவோரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஈரத்தைப் பற்றிப் பேசுகையில் மார்க்கம் அறிந்தவர்களுக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. நனைந்த தானியத்தின் மேல் காய்ந்த தானியத்தைப் பரப்புவதும் ஊறிய சுவரின் மேல் புது வர்ணம் பூசுவதும் ஒன்றல்லவா? குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்குள்ள உரிமையை 'கியாருல் ஐப்' என்ற பெயரில் பிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஜும்ஆ மேடைகளில் வட்டியைப் பற்றிக் கேட்ட அளவுக்கு இதனைப் பற்றி நாம் கேட்டதில்லை.

நாட்டின் சட்டமும் வாங்குபவரை முற்றாகக் கைவிடவில்லை. அசையா ஆதன விற்பனையில் பின்பற்றப்படும் உரோம டச்சுச் சட்டக் கொள்கையின்படி, வாங்கும் வேளையில் புலப்படாத மறைகுறைகளுக்கு விற்பவர் பொறுப்பாக வேண்டி வரலாம். கண்ணால் காணக்கூடியதாயிருந்த குறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'உள்ளபடியே ஏற்றுக்கொள்கிறேன்' என்று உறுதியில் எழுதிக் கையொப்பமிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். எவ்வாறாயினும் உறவுக்காரருக்கு எதிராக வழக்காடி வெல்வதைவிட, வாங்குவதற்கு முன் அறிந்துகொள்வது இலகு. எமது ஊர்களில் விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் எங்கோ ஒரு கிளையில் உறவினராகவே இருப்பர்.

கட்டடத்தோடு சேர்த்து ஆராய வேண்டிய தாள்களும் சில உள. கட்டட அனுமதியும் இணக்கச் சான்றிதழும் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ பெறப்பட்டனவா, பெறப்பட்டிருப்பின் அவை கீழ்த்தளத்துக்கு மட்டுமா மாடிக்கும் சேர்த்தா என்பதைப் பார்க்க வேண்டும். வீதிக்கோட்டுக்குள் சுவர் வந்துள்ளதா என்பதும் கேட்டறிய வேண்டியதே. மாடி ஒருவருக்கும் கீழ்த்தளம் இன்னொருவருக்கும் எனப் பிரித்து விற்கப்படுமாயின் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி ஆதனச் சட்டம் குறித்துச் சட்டத்தரணியிடம் விளக்கம் பெறுவது அவசியம். கடலோரமாயின் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் எனப்படுவதால், வாங்கிய பின்னர் விரிவாக்க நினைப்பவர் அனுமதி பெற வேண்டியிருக்கும். சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீற்றர் தடைவலயம் விதிக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்ட வரலாறும் சில வீடுகளின் அனுமதிப் பத்திரங்களில் குழப்பத்தை விட்டுச் சென்றுள்ளது. இன்னொன்றும் உண்டு: 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டதையடுத்து அப்பகுதியின் கரை பெரிதும் அரிக்கப்பட்டது. பழைய வரைபடம் காட்டும் கடலின் தூரத்தை இன்றைய தூரமாகக் கொள்ளலாகாது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைப்பட்ட தூரத்தையும், மின்னிணைப்பில் நிலத்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் உள்ளனவா என்பதையும் இதே வருகையில் பார்த்துவிடலாம். நெருக்கமான வளவுகளில் எமது குழியைவிட அயலவரின் குழியே கிணற்றுக்கு அருகில் இருப்பதுண்டு.

யாரை அழைப்பது என்ற வினா எழும். குடியியல் துறையில் தேர்ந்த பட்டயப் பொறியியலாளரே இதற்குரியவர். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியல் பேரவை நிறுவப்பட்டுள்ளதால், வருபவர் பதிவு பெற்றவரா எனக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய சந்தேகங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம். மண்சரிவு எச்சரிக்கைகளால் மட்டுமே எமக்கு அறிமுகமான அந்நிறுவனம் கட்டடங்களையும் கட்டடப் பொருட்களையும் சோதிக்கும் பணியையும் ஆற்றுகின்றது. அனுபவமுள்ள மேசனை அழைத்துச் செல்வது ஒன்றுமில்லாததைவிட மேல்தான். ஆயினும் திருத்த வேலையும் தமக்கே கிடைக்கும் என எதிர்பார்ப்பவரின் மதிப்பீட்டை முழுமையாக நம்புவதற்கில்லை. தரகரின் சிபாரிசில் வருபவரையும் அவ்வாறே கொள்ள வேண்டும்.

எழுத்தில் அறிக்கை கேட்டுப் பெறுவது முக்கியம். எவ்விடங்களைப் பார்க்க முடியவில்லை என்பதையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். அலுமாரிக்குப் பின்னாலும் பொய்க்கூரைக்கு மேலும் பார்க்காத அறிக்கை அதனை வெளிப்படையாகச் சொல்லட்டும். உடனடியாகத் திருத்த வேண்டியவை, சில ஆண்டுகளில் வரக்கூடியவை, அவற்றின் உத்தேசச் செலவு என்று அது பிரித்துக் காட்டுமாயின் விலை பேசுவதற்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. பரிசோதனைக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் என்று கருதுவோர், தரகுக் கூலியை மறுபேச்சின்றிக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இதற்குப் பெருந்தடையாக இருப்பது பணமன்று, கூச்சமே. 'ஆளைக் கூட்டிவந்து வீட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள்' என்று விற்பவர் மனங்கோணுவார் எனப் பலர் தயங்குகின்றனர். முற்பண ஒப்பந்தம் எழுதும்போதே, பரிசோதனையில் பாரதூரமான குறை காணப்பட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இந்தச் சங்கடம் குறையும். நொத்தாரிசு எழுதியதாக அது அமையும். காக்கா மச்சான் என்று பழகுவோரிடையே நம்பிக்கையீனமாகத் தோன்றாது. பெண்ணின் பெயரில் எழுதப்படும் வீடாயின் அந்த அறிக்கையை அவளும் வாசிக்கட்டும். அங்கே நாற்பது ஆண்டுகள் வாழப்போவது அவளே. ஆனால் வீடு பார்க்கப் போகும் குழுவில் பெரும்பாலும் அவள் இருப்பதில்லை.

முடியுமானால் வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஒரு தடவையேனும் வீட்டைப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் இம்மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது எந்த ஒழுங்கையில் முழங்கால் அளவு நீர் நின்றது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குக் கோடு விழுந்தது என்பதை அயல் வீட்டு உம்மாவிடம் கேட்டால் நொடியில் சொல்வார். எனது உறவினர் கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லியிருப்பார்கள். வீடு வாங்கி ஐந்து மாதங்களின் பின், தளத்துக்கு முட்டுக்கொடுத்த சவுக்கு மரங்களுக்கிடையே நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னார்: பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.